ஒரே பச்சையில் ஏழு சேலை

சர்வர் என்றால் என்னவென்று தெரியாமலேயே கம்ப்யூட்டர் படித்து முடித்தவள் நான். பரீட்சையில் வெப் சர்வருக்கும் அப்ளிகேஷன் சர்வருக்கும் வித்தியாசம் கேட்டார்கள். ஒன்றரைப் பக்கம் எழுதினேன். முழு மார்க்கும் போட்டார்கள் (திருத்தியவருக்கும் தெரியாது போல).

அந்தத் தைரியத்தில்தான் அருப்புக்கோட்டையில் சேலைக்கடை வைத்திருக்கும் சித்தப்பாவுக்கு வெப்சைட் செய்து கொடுத்தேன். திறப்பு விழாவுக்குப் பக்கத்துக் கடைக்காரர்களையெல்லாம் கூப்பிட்டுவிட்டார். முதல் ஆர்டரை மதுரையிலிருக்கும் அத்தை போடுவதாக ஏற்பாடு.

பக்கம் அழகாகத் திறந்தது. அத்தை ஒரு பச்சைச் சேலையைத் தேர்ந்தெடுத்து ஆர்டர் பட்டனை அமுக்கினார். '502' என்று வந்திருப்பதாகப் போனில் சொன்னார். சித்தப்பா அதை பில் நம்பர் என்று நினைத்துக் கை தட்டினார். கடையே தட்டியது. நானும் தட்டினேன்.

ஆனால் ஆர்டர் வரவில்லை. வெப் சர்வரை நிறுத்தி மறுபடி ஓட்டினேன். முதல் பக்கம் பளிச்சென்று வந்தது. சர்வர் நன்றாக ஓடுகிறது, அத்தை வீட்டில்தான் சிக்னல் இல்லை என்று அறிவித்தேன். மூட்டுவலியோடு அத்தை மொட்டைமாடி ஏறினார். அங்கேயும் 502. நான்காவது தடவையும் நிறுத்தி ஓட்டிவிட்டு, கூடப் படித்த கவிதாவுக்குப் போன் போட்டேன்.

"அப்ளிகேஷன் சர்வர் ஓடுதாடி?"

"சர்வர்தான் ஓடுதே."

"எது?"

"எதுன்னா?"

சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னாள் கவிதா. தயாராக இருக்கிற பக்கத்தையும் படத்தையும் எடுத்துக் காட்டுவது வெப் சர்வர். ஆர்டரை அமுக்கினால் அதைப் பின்னால் இருக்கும் அப்ளிகேஷன் சர்வருக்குத் தள்ளிவிடும். சேலை இருக்கிறதா என்று பார்த்து ஆர்டரைப் பதிவது அதன் வேலை. அது ஓடாவிட்டால் வருகிற பிழை எண்தான் 502. அதை நான் அன்று ஓட்டவே இல்லை. நன்றாக இருந்ததைத்தான் நாலு தடவை நிறுத்தியிருக்கிறேன். (அப்படியென்றால் அந்த ஒன்றரைப் பக்கத்தில் என்னதான் எழுதினேன்?)

உடனே அதையும் ஓட்டிவிட்டேன். அத்தையிடம் சொல்லத்தான் மறந்துவிட்டேன். அவர் மாடியில் நின்று கோபத்தில் அமுக்கிக்கொண்டே இருந்திருக்கிறார். ஒவ்வோர் அமுக்கும் ஓர் ஆர்டர். நான் கவனிப்பதற்குள் சித்தப்பா பார்சலைக் கட்டி மதுரை பஸ்ஸில் ஏற்றிவிட்டிருந்தார்.

"ஏத்தா, ஒங்க அத்தை ஒரே கலர்ல ஏழு கேட்டிருக்கா. வீட்ல என்ன விசேஷம்?"

முதல் ஆர்டரைத் திருப்பக்கூடாது என்று அத்தை பிடிவாதமாக வைத்துக்கொண்டார். அடுத்து வந்த கல்யாணத்தில் எங்கள் வீட்டுப் பெண்கள் ஏழு பேரும் அதே பச்சையில் நின்றோம். போட்டோக்காரர், கோலாட்டம் எப்போது ஆரம்பிக்கும் என்று கேட்டார்.

இன்றைக்கும் யாராவது அந்த ஆல்பத்தைப் புரட்டினால் அத்தை அந்தப் பக்கத்தில் விரலை வைத்துச் சொல்வார்: "இதெல்லாம் சேலை இல்ல. எங்க அண்ணன் மக படிச்ச படிப்பு."