கேசரிப் பொருத்தம்

எங்கள் பக்கத்தில் ஒருவனுக்கு ஈரலில் கொழுப்பு என்று தெரிந்துவிட்டால், டாக்டர் வாயைத் திறப்பதற்கு முன்பே இரண்டு தீர்ப்புகள் வந்துவிடும். ஒன்று, பயல் குடிக்கிறான். இரண்டு, சோற்றை நிறுத்திவிட்டுச் சப்பாத்தி சாப்பிடட்டும். முதல் தீர்ப்பு என் கல்யாணத்தையும், இரண்டாம் தீர்ப்பு என் குடலையும் ஒரே வீட்டில் வைத்துக் கவிழ்த்த கதையைத்தான் சொல்லப்போகிறேன். (சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் கை கழுவிவிட்டு வரவும்.)

அப்போது நான் பெரம்பலூரில் ஒரு கம்பெனிக்காக மக்காச்சோள விதை விற்றுக்கொண்டிருந்தேன். வாலிகண்டபுரம், எறையூர் என்று பைக்கில் சுற்றி, "இந்த ரகத்தப் போடுங்கண்ணே, கதிரு முழங்கை நீளத்துக்கு வரும்" என்று சொல்வது வேலை. ஆள் குச்சி மாதிரி இருப்பேன். ஆனால் எதையாவது சாப்பிட்டால் வயிறு மட்டும் உப்பிக்கொள்ளும். மத்தியானமானால் வரப்பிலேயே படுத்துவிடலாமா என்று அசதியாக வரும். கம்பெனியில் எல்லோருக்கும் உடல் பரிசோதனை செய்தார்கள். என்னைப் போல இரண்டு ஆள் கனமிருந்த மேனேஜருக்கு ஒன்றுமில்லை. எனக்கு ஈரலில் கொழுப்பு என்று வந்தது. (உடம்பில் வேறெங்கும் இடம் கிடைக்காமல் அங்கே போய் ஒண்டிக்கொண்டது போலிருக்கிறது.)

அம்மா அன்று சாயங்காலமே விசாரணையை ஆரம்பித்துவிட்டாள்.

"யாரோட சேந்து குடிக்கிற? இப்பவே சொல்லிடு."

"அம்மா, நான் சோடா குடிச்சாலே ஏப்பம் நிக்காதும்மா."

"குடிக்காதவனுக்கு ஈரல் எப்புடிடா கெடும்?"

இதற்குப் பதில் இருக்கிறவர் மறுநாள் காலையில் வந்தார். ரெங்கசாமி மாமா, அம்மாவின் அண்ணன். அப்பா இல்லாத எங்கள் வீட்டில் கரண்ட் பில் முதல் கல்யாணம் வரை அவர் வைத்ததுதான் சட்டம். மாமாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை. அந்த ஒரு தகுதியிலேயே அவர் சொந்தபந்தம் அத்தனைக்கும் வைத்தியராகிவிட்டார்.

"சோறுதான்டா எமன். இன்னையோட நிறுத்து. காலையில கோதும ரவை உப்புமா, மத்தியானம் சப்பாத்தி, ராத்திரியும் சப்பாத்தி. ஈரல் கண்ணாடி மாதிரி ஆயிடும்" என்றார். (அவர் ராத்திரி சப்பாத்தி சாப்பிட்டு முடித்ததும், அது செரிப்பதற்காக ஒரு தட்டு தயிர்சாதம் சாப்பிடுவார். அது கணக்கில் வராது.)

எங்கள் மாவட்டத்தில் மக்காச்சோளம் விளையும், பருத்தி விளையும், சின்ன வெங்காயம் விளையும். கோதுமைக் கதிரை நான் பள்ளிக்கூடப் புத்தகத்தில் படமாகத்தான் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு மூன்று வேளையும் கோதுமை தின்றேன். வயிறு இன்னும் உப்பியது. "கொழுப்பு கரையுதுல்ல, அப்புடித்தான் இருக்கும்" என்றார் மாமா. வயிற்றாலே போனது. "கெட்டதெல்லாம் வெளிய போவுது, போவட்டும்" என்றார். எடை குறைந்தது. "பாத்தியா!" என்றார். நானும் படித்த முட்டாளாக, ஒருவேளை போதவில்லையோ என்று இன்னும் இரண்டு சப்பாத்தி சேர்த்துக்கொண்டேன்.

இந்த நிலைமையில்தான் உடையார்பாளையத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பெண்ணின் பெயர் கயல்விழி. ஜெயங்கொண்டத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அப்பா கோவிந்தசாமி, நஞ்சையும் முந்திரிக்காடும் உள்ள மனிதர். அவருக்கு ஒரே ஒரு கண்டிஷன்தான். மூத்த மருமகன் பாலு ஊரறிந்த குடிகாரர். அதில் நொந்துபோயிருந்த கோவிந்தசாமி, "ரெண்டாவது பொண்ணு காலத்துக்கும் எங்க வூட்டுலயே இருந்தாலும் இருக்கட்டும், குடிக்கிறவன் மட்டும் வாசப்படி மிதிக்கக் கூடாது" என்று தரகரிடம் சொல்லியனுப்பியிருந்தார்.

காரில் போகும்போது மாமா எனக்குப் பாடம் நடத்தினார்.

"அங்க போயி ஈரல் கீரல்னு வாயத் தொறந்துராத. கொழுப்புன்னா குடிகாரன்னு முடிவு கட்டிருவாங்க. இன்னொண்ணு, குடுக்குறத முழுசா சாப்புடணும். வயிறு சரியில்லன்னு மட்டும் சொல்லிராத."

மாமா சொன்ன மற்ற எதையும் நம்பவேண்டாம். இதை நம்பலாம். எங்கள் பக்கத்தில் பெண் பார்க்கப் போன இடத்தில் பெண் பிடிக்கவில்லை என்றால், யாரும் அதை முகத்துக்கு நேரே சொல்வதில்லை. "வயிறு சரியில்லிங்க" என்று தட்டைத் தள்ளி வைப்பார்கள். பெண் வீட்டாரும் புரிந்துகொண்டு வழியனுப்பிவிடுவார்கள். மாப்பிள்ளைக்கு நிஜமாகவே வயிறு சரியில்லாமல் போகும் என்று இந்தச் சம்பிரதாயத்தை ஏற்படுத்தியவர்கள் யோசிக்கவே இல்லை.

போய் உட்கார்ந்தோம். தட்டுகள் வந்தன. தரகர் என்னைப் பெரிய நாகரிக மனிதனாகக் காட்டுவதற்காக, "மாப்ள சோறு தொட மாட்டாரு, கோதுமதான்" என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறார். கோவிந்தசாமி வீட்டார் அதைத் தலைமேல் வைத்துக்கொண்டார்கள். நெய் வழிய ரவா கேசரி. கோதுமை அல்வா. சேமியா பாயசம். அதோடு நிற்காமல் சப்பாத்தியும் குருமாவும். நான் மட்டும் சாப்பிடுவதற்காகப் பஞ்சாபிலிருந்து ஒரு லாரி வந்திருக்கும்போல.

அப்போது கயல்விழி காபியோடு வந்தாள். கும்பிட்டாள். நிமிர்ந்து என்னை நேராகப் பார்த்து, "கேசரி நான் செஞ்சதுதான். முந்திரி எங்க காட்டுது" என்றாள். எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போயிற்று. அவ்வளவுதான், வேறு விளக்கம் கிடையாது. வாயைத் திறந்து அதைச் சொல்லத் தெரியவில்லை. ஆகவே இன்னும் கொஞ்சம் கேசரி கேட்டேன். அவள் லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக அல்வாவை முடித்தேன். அவள் அம்மா சந்தோஷப்பட வேண்டும் என்று பாயசத்தைக் குடித்தேன். மாமா கண்ணால் ஜாடை காட்டியதற்காகச் சப்பாத்தியையும் தின்றேன். எனக்குத் தெரிந்த ஒரே முறையில் என் சம்மதத்தைத் தெரிவித்துக்கொண்டே இருந்தேன்.

"பையன் வஞ்சன இல்லாம சாப்புடுறாரு" என்று கோவிந்தசாமி பூரித்துப்போனார்.

பெரியவர்கள் நாள் பார்க்கிற பேச்சுக்கு வந்தபோது என் வயிறும் பேச ஆரம்பித்தது. முதலில் உள்ளே யாரோ நாற்காலியை இழுப்பது போல ஒரு சத்தம். பிறகு ஒரு முறுக்கு. கண் இருட்டியது. எழுந்தேன். "எங்க போறீங்க தம்பி?" என்று கோவிந்தசாமி கேட்டது காதில் விழுந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தால் பதில் மட்டும் வராது என்று தெரிந்ததால், பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினேன். வைக்கோல் போரைத் தாண்ட முடியவில்லை. அதன் மேலேயே சாய்ந்து, சாப்பிட்டதையெல்லாம் வரிசை மாறாமல் திருப்பிக் கொடுத்தேன்.

நிமிர்ந்தபோது கால் தள்ளாடியது. கண் சிவந்து, சட்டை நனைந்து, வைக்கோல் தலையில் ஒட்ட, போரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதிரில் மொத்தக் குடும்பமும் நின்றது. முன்வரிசையில் மூத்த மருமகன் பாலு.

பாலு என்னை மேலும் கீழும் பார்த்தார். பக்கத்தில் வந்து, மூக்கை என் முகத்துக்கு அருகே நீட்டி, கண்ணை மூடி, நிதானமாக மோந்தார்.

"வாட வரல மாமா" என்று மாமனாரிடம் சொன்னார். ஒரு நொடி யோசித்தார். "அப்ப வோட்காவாத்தான் இருக்கும்."

அந்த வீட்டில் பாலு சொல்வதை யாரும் எதற்கும் நம்புவதில்லை. ஆனால் இந்த ஒரு துறையில் அவருடைய அனுபவத்தை யாரும் மறுக்க முடியாது. கோவிந்தசாமியின் முகம் கறுத்தது. நிலைமை கைமீறுகிறதென்று பார்த்த என் மாமா பாய்ந்து முன்னால் வந்தார்.

"அய்யய்யோ, குடியெல்லாம் இல்லிங்க! தப்பா நெனைக்காதீங்க! பையனுக்கு ஈரல்லதான் கொழுப்பு!"

(இவர்தான் எனக்குக் காரில் பாடம் நடத்தியவர்.)

கோவிந்தசாமி வாசல் பக்கம் கையைக் காட்டினார். பாலு மட்டும் ரொம்பப் பரிவாக என் தோளைத் தட்டி, "ஆரம்பத்துல எல்லாருக்கும் இப்புடித்தான் இருக்கும் தம்பி" என்றார். காரில் ஏறும்போது திரும்பிப் பார்த்தேன். கயல்விழி சன்னல் ஓரத்தில் கேசரிப் பாத்திரத்தோடு நின்றிருந்தாள். வீடு வந்து சேரும்வரை அழுகையை அடக்கிக்கொண்டு வந்தேன்.

ஒரு வாரம் கழித்துத் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

"நான் கயல்விழி பேசுறேன். சண்ட போடக் கூப்புடல. எங்க வூட்டுல பாதிப் பேரு நீங்க குடிச்சிருந்தீங்கன்றாங்க, பாதிப் பேரு நான் செஞ்ச கேசரிலதான் ஏதோ கோளாறுன்றாங்க. அதையேதான் நாங்களும் சாப்ட்டோம், எங்களுக்கு ஒண்ணும் ஆவல. உங்களுக்கு முன்னாடியே வயிறு சரியில்லையா?"

"ஆமாங்க. ரொம்ப நாளாவே."

"அப்ப சொல்லியிருக்கலாமுல்ல?"

"சொன்னா உங்களப் புடிக்கலன்னு அர்த்தமாயிடுமேங்க."

கட் ஆகிவிட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன்.

"அதுக்காகவா அவ்வளவும் சாப்ட்டீங்க?" என்று கேட்டாள். குரல் மாறியிருந்தது.

"ஆமாங்க."

"திருச்சியில நல்ல டாக்டராப் பாருங்க. உங்க மாமாவ மட்டும் கூட்டிட்டுப் போவாதீங்க" என்று வைத்துவிட்டாள்.

திருச்சி டாக்டரம்மா என் கதை முழுவதையும் கேட்டார். "எதச் சாப்ட்டா அதிகமாவுது?" என்றார். "எதையுமே சாப்புடுறது இல்லிங்க டாக்டர், வெறும் கோதுமதான்" என்றேன் பெருமையாக. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ரத்தம் எடுத்தார்கள். வாய் வழியாகக் குழாய் விட்டுச் சிறுகுடலில் கடுகளவு கிள்ளியெடுத்துச் சோதித்தார்கள். கடைசியில் 'சீலியாக்' என்று ஒரு பெயரைச் சொன்னார். கோதுமையில் இருக்கிற புரதம் என் குடலுக்கு ஆகாது. அது உள்ளே போகும்போதெல்லாம் என் உடம்பே என் குடலின் உள்தோலை அரித்துக்கொண்டிருக்கிறது.

"குடலோட நிக்காது. சிலருக்கு ஈரலையும் பாதிக்கும். ஈரல்ல கொழுப்பு உள்ள எல்லாருக்கும் இது இருக்கும்னு அர்த்தமில்ல. ஆனா ஒல்லியா, குடிக்காம, வயித்துக் கோளாறோட ஒருத்தர் வந்தா இதையும் தேடிப் பாக்கணும்" என்றார்.

"அப்ப மருந்து டாக்டர்?"

"கோதும, மைதா, ரவை, சேமியா, எதுவும் வாழ்நாளுக்கும் கூடாது. கடையில விக்கிற பெருங்காயத்துலகூட மாவு கலந்திருக்கும், பாத்து வாங்குங்க. சோறு சாப்புடுங்க."

சோறு சாப்புடுங்க! அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டு ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதற்குப் பிறகு டாக்டர் அளவு, எடை என்று ஏதோ சொல்லிக்கொண்டே போனார். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. (இது பின்னால் வரும்.)

கயல்விழி அவள் அப்பாவிடம் என்ன கணக்குப் போட்டுக் காட்டினாளோ தெரியாது. அடுத்த முறை நான் டாக்டரைப் பார்க்கப் போனபோது கோவிந்தசாமி எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். "குடிக்காமயே ஈரல் கெடுமாங்கம்மா?" என்று கேட்டார். கெடும், இவருக்குக் கோதுமைதான் காரணம் என்றார் டாக்டர். கோவிந்தசாமி குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கோதுமையில ஏதும் காச்சி எறக்குறாங்களாம்மா?" என்றார். டாக்டர் சிரித்து முடிக்க நேரமாயிற்று.

சில மாதத்தில் ரத்தத்தில் ஈரல் கணக்கெல்லாம் இறங்கி ஒழுங்காகிவிட்டது. வயிறு அடங்கியது. வரப்பில் படுக்கத் தோன்றவில்லை. ஒரு நாள் கோவிந்தசாமி போன் செய்து, "ஒரு எட்டு வந்து எங்க வூட்டுல கை நனைச்சிட்டுப் போங்க மாப்ள" என்றார். தம்பி என்று அழைத்தவர் மாப்பிள்ளை என்கிறார். நாங்கள் போன அன்று அந்த வீட்டில் இலை போட்டுச் சோறு, பெருங்காயம் போடாத ரசம். கயல்விழி பரிமாறினாள். இந்த முறை நான் வாயைத் திறந்து, "உங்களப் புடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் முதல் கவளம் எடுத்தேன். பக்கத்து இலையில் என் மாமா, தனக்கு மட்டும் சப்பாத்தி வேண்டுமென்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கல்யாணம் ஆயிற்று. டாக்டர் சொல்லி நான் கேட்காத பாதி இங்கேதான் வருகிறது. கோதுமை கூடாது என்றால் மற்றதெல்லாம் கூடும் என்று எடுத்துக்கொண்டேன். குண்டான் குண்டானாகச் சோறு, அதிரசம், முறுக்கு, மாமியார் வீட்டு முந்திரி. அரித்துப்போயிருந்த குடல் ஆறி, தின்றதையெல்லாம் ஒன்றுவிடாமல் உறிஞ்சியது. மறுபடி ஸ்கேன் எடுத்தால் மறுபடி ஈரலில் கொழுப்பு. டாக்டரம்மா என்னையும் என் தொந்தியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மொதல்ல வந்தது கோதும குடுத்தது. இது நீங்களா சம்பாதிச்சது" என்றார். இப்போது கயல்விழி சோற்றை அளந்து வைக்கிறாள். காலையில் அவளோடு பெரிய ஏரிக்கரை வரை நடக்கிறேன்.

சகலை பாலுவையும் வற்புறுத்திக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்தோம். சுத்தமாக இருந்தது. "இன்னும் வரல, அவ்வளவுதான்" என்று டாக்டர் எச்சரித்தார். பாலுவோ டாக்டர் சொன்னதை விட்டுவிட்டு ஸ்கேன் படத்தை மட்டும் ஊரெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறார். வீட்டில் எங்கள் குழந்தை பால் கக்கினால்கூட அவர்தான் முதலில் குனிந்து மோந்து, "வாட வரல" என்பார். மிச்சத்தை மற்ற எல்லோரும் சேர்ந்து சொல்வோம்.

என் மாமனார் இப்போது சொந்தத்தில் யாருக்குப் பெண் பார்த்தாலும் போய் உட்கார்ந்துகொள்கிறார். போன மாதம் வரதராஜன்பேட்டையில் ஜோசியர் பத்துப் பொருத்தமும் பார்த்து, எல்லாம் பிரமாதம் என்று சொல்லி முடித்தார். தட்டு மாற்றப் போகிற நேரத்தில் என் மாமனார் கையை உயர்த்தி, "இருங்க, இன்னொரு பொருத்தம் பாக்கல" என்றார். எல்லோரும் திகைத்துப்போய்ப் பார்த்தார்கள். அவர் கேசரித் தட்டை மாப்பிள்ளைப் பையனுக்கு எட்டாதபடி தள்ளி வைத்துவிட்டு, அவன் முகத்துக்கு நேரே குனிந்து, "தம்பி, பொண்ணப் புடிச்சிருந்தா வாயத் தொறந்து புடிச்சிருக்குன்னு சொல்லிடுங்க. சாப்ட்டுக் காட்ட வேண்டாம்" என்றார்.