பதினொரு விநாடி மௌனத்துக்கு ஒரு விளக்கம்

786

மேலப்பாளையம்,
12.7.1996

சவூதி தமாமில் இருக்கும் என் லாத்தா மகன் நாசருக்கு, மாமா தாஜ் முகம்மது எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். ரஹ்மானுடைய கிருபையால் இங்கே எல்லாரும் உடம்பளவில் சுகம். மனதளவில் ஒருவரும் சுகமில்லை. அதற்குக் காரணம் நீ. உன் சுகத்துக்கு ஐந்து வேளையும் துஆ செய்கிறோம். கொஞ்சம் கோபத்தோடு செய்கிறோம் என்றாலும் துஆ துஆதான்.

மாப்பிள்ளைக்கு எழுதும்போது 'நீங்கள்' என்று போட வேண்டும் என்று உன் மாமி சொல்கிறாள். நீ மாப்பிள்ளையா இல்லையா என்பதே இப்போது கேள்வியாகிவிட்டது. கேள்வி தீரும்வரை சின்ன வயதில் கூப்பிட்டபடி 'நீ' என்றே வைத்துக்கொள்கிறேன். வருத்தப்படாதே.

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. நாலே வரி. "மாமா, கேசட்டைக் கேட்டேன். நஸீமாவை அடித்துச் சம்மதிக்க வைக்க வேண்டாம். அவள் அழுததைக் கேட்டபிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் ஒதுங்கிக்கொள்கிறேன், நவம்பரில் லீவு போடவில்லை." இதை உன் உம்மாவுக்கு நான்தான் சத்தமாகப் படித்துக் காட்டினேன். 'அடித்து' என்ற இடம் வந்ததும் லாத்தா என்னை ஒரு பார்வை பார்த்தாள் பார், அறுபது வயதில் எனக்கு வேர்த்துவிட்டது. கேசட் பெட்டியை இயக்கியவன் நான் என்பதால் குற்றமும் என் தலையில்தான். உன் மாமி அன்றிலிருந்து டீயை என் கையில் தருவதில்லை, ஜன்னலில் வைத்துவிட்டுப் போகிறாள். நஸீமாவிடம் மட்டும் யாரும் இன்னும் சொல்லவில்லை. மாப்பிள்ளை வேண்டாமென்று எழுதிவிட்டான் என்று பெற்ற மகளிடம் எந்த வாயால் சொல்வது? அவள் பாட்டுக்கு நவம்பர் கல்யாணத்துக்குத் துணி தைத்துக்கொண்டிருக்கிறாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் நான் எழுந்து திண்ணைக்குப் போய்விடுகிறேன்.

ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். உன் மாமா முப்பத்துநாலு வருஷம் தந்தி ஆபீஸில் இருந்தவன். சொல்லில் வராதது சேதியே இல்லை என்பது என் கொள்கை. கல்யாண வாழ்த்துக்குக்கூட எங்களிடம் எண் உண்டு. எண்ணைத் தட்டினால் அங்கே வாழ்த்தாக இறங்கும். முகம் சிரித்ததா சுளித்ததா என்று எவனும் கேட்டதில்லை. அப்படிப்பட்டவன் வீட்டில் இது நடந்திருக்கிறது.

அன்று ஜூன் பதினாலு, வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு. நீ அனுப்பிய டேப் ரிக்கார்டரைக் கட்டில்மேல் வைத்து, முந்தானையால் துடைத்து, உன் உம்மா எதிரே உட்கார்ந்தாள். லாத்தாவுக்கு எழுதத் தெரியாமல் இல்லை. ஆனால் மகனைச் சவூதிக்கும் துபாய்க்கும் அனுப்பிய நம் தெரு உம்மாமார் எல்லாரையும்போல, கேசட்டில் பேசி அங்கே திரும்பிப் போகிறவர் கையில் கொடுத்தனுப்பினால்தான் அவளுக்குப் பேசியதாக ஆகும். சிக்கல் என்னவென்றால், அவள் பெட்டியோடு பேசுவதில்லை, உன்னோடு பேசுகிறாள். "பாபநாசத்துல அணையத் தொறந்துட்டாக வாப்பா, கால்வாயில தண்ணி இவ்வளவு வருது" என்று இடுப்பளவுக்குக் கையைக் காட்டினாள். நீ நன்றாகப் பார்க்கட்டும் என்று கையைக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். பக்கத்து வீட்டு வழக்கு என்ன ஆயிற்று என்பதற்கு உதட்டைப் பிதுக்கினாள். எந்த வீட்டு மருமகன் சரியில்லை என்பதைப் பெயரே சொல்லாமல் புருவத்தால் முடித்துக்கொண்டாள். பெருநாளைக்கு எடுத்த சேலையை விரித்து முன்பக்கம் பின்பக்கம் எல்லாம் பெட்டிக்குக் காட்டினாள். லாத்தா, அதுக்குக் காது மட்டும்தான் உண்டு, கண் கிடையாது என்று சொல்லிப் பார்த்தேன். "பெத்த புள்ளைக்குத் தெரியும், நீ சும்மா இரி" என்றாள். உனக்குத் தெரிந்ததா? அந்தச் சேலை என்ன நிறம்?

பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள். நஸீமா அடுக்களைக் கதவோரம் நின்றிருந்தாள். "ஏ நஸீமா, நாசருக்கும் ஒனக்கும் முடிச்சிரலாம்னு இருக்கோம். ஒனக்குச் சம்மதந்தானே? மச்சான் கேட்டுக்கிட்டு இருக்காக, சொல்லு."

இதற்குமேல் நீ கேட்டது வேறு, நடந்தது வேறு. நீ கேட்டது: பதினொரு விநாடி மௌனம், ஒரு பளார், ஒரு தேம்பல், "போதும், நிறுத்து" என்று ஒரு குரல். அதையே நானும் திரும்பக் கேட்டிருந்தால் போலீசுக்குப் போயிருப்பேன். நடந்தது என்னவென்றால், நம் வீட்டில் எந்தப் பெண் வாயைத் திறந்து சம்மதம் சொல்லியிருக்கிறாள்? உன் உம்மா சொன்னாளா, உன் மாமி சொன்னாளா? தலையைத் தாழ்த்துவார்கள், பெரியவர்கள் புரிந்துகொள்வார்கள், அவ்வளவுதான். நஸீமாவும் முதலில் தரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு நேராக அந்தப் பெட்டியைப் பார்த்தாள், அதாவது அதற்குள் இருக்கும் உன்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தலையை ஒருதரம், அழகாக, பக்கவாட்டில் சாய்த்தாள். சந்தேகமே இல்லாத சம்மதம். பளார் என்று கேட்டது என் கை. விழுந்தது என் தொடையில். சந்தோஷம் வந்தால் நான் அப்படித்தான். நீ எஸ்.எஸ்.எல்.சி. தேறியபோதும் அடித்தேன், ஞாபகம் இருக்கும், அன்று அது உன் தொடை. தேம்பியது உன் மாமி. துக்கத்துக்கு அவள் கண் கலங்காது, நல்ல காரியம் என்றால் குடம் குடமாகக் கொட்டும். "போதும், நிறுத்து" என்றது உன் உம்மா. அதைச் சொன்னது பொத்தானை அமுக்க வேண்டிய எனக்கு. அவளுக்குச் சம்பந்தம் முடிந்ததென்று தெருவில் சீனி கொடுக்கப் போகிற அவசரம். அறுபது வீட்டுக்குக் கொடுத்தோம். இப்போது எந்த முகத்தோடு அந்தத் தெருவில் நடப்பது என்பதையும் யோசித்துப் பார்.

உன் கடிதம் வந்த மறுநாளே தந்தி கொடுத்துவிடலாம் என்று பழைய ஆபீஸுக்குப் போனேன். என்னிடம் தொழில் படித்த ஆவுடைநாயகம்தான் இப்போது கவுன்ட்டரில் இருக்கிறான். 'நஸீமா சம்மதம் சொன்னாள்' என்று எழுதப் போய்க் கை நின்றுவிட்டது. அவள் எங்கே சொன்னாள்? முப்பத்துநாலு வருஷத்தில் நான் பொய்த் தந்தி அனுப்பியதில்லை. ஆகவே நடந்ததை அப்படியே எழுதினேன்: 'நஸீமா பேசவில்லை. தலை சாய்ந்தது. மாமி அழுதாள்.' ஆவுடைநாயகம் வாங்கிப் படித்தான். முகம் வெளுத்து எழுந்து நின்றுவிட்டான். இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அடக்கம் எப்ப அண்ணாச்சி?" என்றான். தாளைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவன் சாயங்காலம் மாலையோடு வீட்டுக்கு வந்ததும், நஸீமாவே கதவைத் திறந்ததும், அவன் படியில் உட்கார்ந்துவிட்டதும் தனிக் கதை.

இதையெல்லாம் மாடியில் குடியிருக்கும் சாலோமி டீச்சரிடம் சொன்னேன். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் மொழியியல் நடத்துகிறவர். அவர் சிரிக்கவில்லை, அதுவே பெரிது. பேச்சு என்பது வாயில் மட்டும் இல்லை, கை, கண், முகம், விட்டு நிற்கிற தூரம், மௌனம் எல்லாம் சேர்ந்துதான் ஒரு சேதி. வாய் சொல்வதையே கை திரும்பச் சொல்வதில்லை, வாயால் முடியாததை அது சொல்கிறது. இதை ஆராயத் தனியாகவே ஆட்கள் இருக்கிறார்கள் என்றார். "நீங்க பேச்சுல பாதிய இங்கனயே வச்சுக்கிட்டு மீதிய மட்டும் தமாமுக்கு அனுப்பியிருக்கீங்க அண்ணாச்சி" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் தந்திச் சாவியின் வெறும் கட்டுக் கடகடவில் உலகத்தையே நடத்தினோம், அதில் கை எங்கே, கண் எங்கே என்று கேட்டேன். தட்டுவது யார் என்று இந்த முனையில் தெரியுமா என்று கேட்டார். தெரியாமல் என்ன, வள்ளியூர்க்காரன் இழுத்து இழுத்துத் தட்டுவான், அவனுக்குப் பெண் குழந்தை பிறந்த அன்று தட்டல் ஓட்டமாக ஓடியது, அவன் சொல்வதற்கு முன்பே நான் கண்டு... இவ்வளவு தூரம் சொன்னபிறகுதான் நிறுத்தினேன். டீச்சர் டீயைக் குடித்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

சரி, காதால் ஆகாததைக் கண்ணால் ஆக்குவோம் என்று, நீ போட்டோ கேட்டதாகச் சொல்லி நஸீமாவை ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போனேன். ஸ்டுடியோ சங்கிலிபூதத்தான் பழைய கேமராவின் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு அவளை ஆடாமல் இருக்கச் சொல்கிறான், நான் பின்னால் நின்று ஆடு ஆடு என்கிறேன். அன்று சாய்த்தாயே அதேபோல் சாய் என்றேன். காரணம் கேட்டாள். காரணம் கேட்காதே என்றேன். மூன்று படம் எடுத்தோம். ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். கழுத்துக்குமேல் புகைபோலத் தெரிவதுதான் நஸீமா. கலங்கியிருக்கிற அளவுக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொள்.

நாசர், விளையாட்டு போதும். ஊரார் சேதியெல்லாம் என் விரல் வழியாகப் போயிருக்கிறது. எத்தனை பேருக்குக் குழந்தை பிறந்ததை, வேலை கிடைத்ததை நான்தான் முதலில் அறிந்து அனுப்பினேன். என் சொந்த மகளுடைய ஒரே ஒரு சேதியை எனக்குக் கடல் தாண்டி அனுப்பத் தெரியவில்லை. அவள் மேல் இதுவரை என் கை பட்டதில்லை என்பதை நீயாவது நம்ப வேண்டும். எந்தச் சொல்லையும் நம்ப வேண்டாம், அந்தத் தலையசைப்பை நம்பு. அதை நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். நவம்பருக்கு லீவு எழுதிக்கொடு.

உன் உம்மாவின் துஆவும் மாமியின் ஸலாமும். உன் அறையில் இருக்கும் ஏழு பேருக்கும், அவர்களும் அந்த கேசட்டைக் கேட்டிருப்பார்கள் என்பதால், நான் நல்லவன் என்பதை எடுத்துச் சொல்லவும். வல்லவன் உன் வேலையையும் வயிற்றையும் காப்பானாக, வெயிலிலிருந்து உன்னையும்.

இப்படிக்கு,
அடிக்காத மாமா,
தாஜ் முகம்மது

பின்குறிப்பு: உறைமேல் இங்கிலீஷில் விலாசம் எழுதுவதற்கு நஸீமாவிடம் கொடுத்தேன். நான் அஸர் தொழுதுவிட்டு வருவதற்குள் பிரித்து முழுவதும் படித்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று நான் இனி எழுதப் போவதில்லை. எனக்கு அந்தத் தகுதி போய்விட்டது. அவள் சொன்னதை மட்டும் எழுதுகிறேன். "வாப்பா, நான் தலையச் சாய்ச்சது சம்மதத்துக்கு இல்ல. அத்தன பேரு முன்னாடி எப்படிச் சொல்லுதது? பெட்டிய அணைங்கன்னு உங்களுக்கு ஜாடை காட்டுனேன். நீங்க தொடையில அடிச்சீங்க." ஆக நாங்கள் அறுபது வீட்டுக்குச் சீனி கொடுத்தது ஒரு பொத்தானை அமுக்கச் சொன்னதற்காக. இன்னொன்றும் சொன்னாள்: நீங்கள் எல்லாரும் சீனி கொடுக்கப் போன பிறகு கேசட்டைத் திருப்பிப் போட்டு நானே பேசினேன், நாலு நிமிஷம், வாயால்தான் பேசினேன், மறுபக்கத்தைக் கேட்டிருந்தால் மச்சான் இப்படி எழுதியிருக்க மாட்டாக என்று. என்ன பேசினாய் என்று கேட்டேன். அது உங்களுக்கு இல்லை என்றாள். சாலோமி டீச்சரின் பாடம், என் கொள்கை, மேலே எழுதிய ஆறு பக்கம் எல்லாவற்றையும் ரத்து செய்துகொள்ளவும். போட்டோவைக் கிழித்துவிடவும். அறையில் இருக்கும் ஏழு பேரையும் வெளியே அனுப்பிவிட்டு, கேசட்டைத் திருப்பிப் போட்டு, தனியாக உட்கார்ந்து கேளுங்கள், மாப்பிள்ளை.