தாய்மாமனும் 73939133-ம்

கடலூர்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள தம்பி ராபர்ட்டுக்கு,

அக்கா ஆரோக்கிய ராணி கண்ணீரோடு எழுதிக்கொண்டது. மாதா புண்ணியத்தில் என் முட்டி தவிர இங்கே எல்லாம் சுகம். சிதம்பரத்தில் உன் சுகம் அறிய ஆவல். போனில் பேசினால் நீ பாதியில் வைத்துவிடுகிறாய், அதனால் கடிதம். என் கல்யாணத்தில் எனக்கென்று எடுத்துவைத்த வஞ்சிரத் தலையை நீ தின்றதை நான் மறக்கவில்லை. அதை ஒரு ஓரமாக வைத்துவிட்டு எழுதுகிறேன். என் பேரன் மரிய ஜோசப்பின் கல்யாணம் நின்றுவிட்டது.

நீ சொன்ன இடம்தான், உங்க ஊர் மேரி ஷாலினி. ஞாயிற்றுக்கிழமை இங்கே நம் வீட்டில் நிச்சயதார்த்தம், நீதான் வரவில்லை. இவன் காலேஜில் கணக்கு வாத்தியார் அல்லவா, கேக்குக்கு நானே சொல்லிவிடுகிறேன் என்றான், நானும் நம்பித் தொலைத்தேன், பெட்டியைத் திறந்தால் ஒரு முழ நீளக் கேக், அதன்மேல் பெண் பேரும் இல்லை, மாப்பிள்ளை பேரும் இல்லை, 73939133 என்று எட்டு இலக்கம். "இதென்ன கரண்டு பில் நம்பரா?" என்று பெண்ணின் அத்தை கேட்டுவிட்டாள்.

இவன் எழுந்து நின்று, "ஒண்ணையும் தன்னையும் தவிர எதாலயும் வகுபடாத எண்ணுங்க இது. கடைசி இலக்கத்த வெட்டுங்க, மிச்சமும் வகுபடாது. இன்னொண்ண வெட்டுங்க, அப்பவும் வகுபடாது. ஏழு மட்டும் நிக்கிற வரைக்கும் இப்படியேதான். இந்த ஜாதி எண்ணுல இதான் பெருசு" என்றான். நல்ல காரியத்தில் வெட்டு, மிச்சம் என்று வாய் கூசாமல் பேசுகிறானே என்று நான் சிலுவை போட்டுக்கொண்டேன்.

முதல் துண்டு பெண்ணின் தாய்மாமன் சந்தியாகுவுக்குத்தானே? அவர் உட்கார்ந்திருந்தது ஏழு போட்ட தலைப் பக்கம். இவன் கத்தியோடு வால் பக்கம் போகிறான்.

"மாப்ள, எனக்கு வால் துண்டா? இந்தப் பக்கம் வெட்டு."

"ஏழ எடுத்துட்டா மிச்சம் 3939133 மாமா. அது பதினொண்ணால வகுபட்டுடும்."

"என்னவிட ஒனக்குப் பதினொண்ணு பெருசாப் பூடுச்சா?"

"டேய், பதினொண்ணு நமக்குச் சொந்தமாடா? அவுங்கதான்டா சொந்தம், வெட்டுடா" என்று நான் கெஞ்சினேன். "வெட்டுனா தப்பாயிடும் ஆயா" என்று கத்தியைக் கீழே வைத்துவிட்டான். சந்தியாகு தாம்பூலத் தட்டைத் தூக்கிக்கொண்டு வேனில் ஏற, அவர் பின்னாலேயே மொத்தக் கூட்டமும் ஏறிவிட்டது.

இவனுக்கு வயது முப்பத்துநாலு, முன்மண்டையில் முடி வேறு போய்விட்டது, இனிமே எவன்டா பொண்ணு குடுப்பான்? நீ இன்றைக்கே போய் சந்தியாகு காலில் விழு. எனக்கு முட்டி மடங்காது, நீ விழு.

என் இட்லித் தட்டை எடுத்துப்போய் இன்னும் திருப்பித் தராத உன் பெண்சாதிக்கும், பிள்ளைகளுக்கும் மாதாவின் ஆசீர் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
அக்கா.

பி.கு.: கவரை ஒட்டும்போது ஷாலினி சிதம்பரம் பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டாள். "ஆயா, பஸ்ல வரும்போதே வகுத்துப் பாத்துட்டேன். பதினொண்ணால மீதியில்லாம போவுது. அவர் சொன்னதுதான் சரி, கட்டுனா இவரத்தான் கட்டுவேன். மாமாவ நான் பாத்துக்கறேன்" என்கிறாள். ஆனந்தத்தில் அழுதே விட்டேன். இரண்டு மணி நேரம் ஆகிறது. இரண்டும் காலண்டரை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. பங்குச்சாமியார் கொடுத்த மூன்று தேதியும் ரெண்டால வகுபடுதாம், வேணாமாம். காபி ஆறிப்போச்சு. ஒன்றையே என்னால் சமாளிக்க முடியவில்லை. தம்பி, காலில் விழாதே. அவள் ஊர் திரும்புவதற்குள் ஓடிப்போய் சந்தியாகுவைப் பார்த்து, கோவத்த மட்டும் விட்டுடாதீங்கன்னு சொல்லு.