மவுண்ட் ஆல்பர்ட் உடன்படிக்கை

“அண்ணே, வெளிய வாங்க! இவரு என் தயிர் மேல கருவாட்டை வெச்சிருக்காரு!”

“அண்ணை, அதைத் தூக்கிக் குப்பையில போட்டது ஆர் எண்டு கேளுங்கோ!”

பிரிட்ஜ் இருந்தது வீட்டின் பின்கோடியில். சண்டை நடந்ததோ எமிலின் அறைக்கதவுக்கு நேர் வெளியே. தயிர்க்காரன் வெற்றி, கோயம்புத்தூர், கம்ப்யூட்டர் வேலை. கருவாட்டுக்காரன் நிரூஜன், மன்னார், எலக்ட்ரீஷியன். ஆக்லாந்து நகரின் மவுண்ட் ஆல்பர்ட் பகுதியில், அந்தப் பழைய மர வீட்டில் மூன்றாவது அறை எமிலுடையது.

எமிலுக்கு ஐம்பத்து மூன்று வயது. யாழ்ப்பாணத்தில் சரித்திர வாத்தியார். இங்கே ஹென்டர்சனில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிறார். போன வருடம் மனைவி அற்புதம் இறந்தபின் இங்கே குடிவந்தார். வந்த புதிதில் இரண்டு பேரும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். “பசிக்கேல்லைத் தம்பி” என்று கதவைச் சாத்திக்கொண்டார். வெள்ளி மாலை சாத்திய வாயைத் திங்கள் காலை குட் மார்னிங் சொல்லத்தான் திறப்பார். அப்போது பாழாய்ப்போன குரல் கரகரத்து, பாதிதான் வெளியே வரும்.

அன்று வேறு வழியில்லாமல் கதவைத் திறந்தார்.

“இதுக்கு ஏன் இவ்வளவு சத்தம்? நடுவில ஒரு கோடு போட்டால் முடிஞ்சுது.”

நீல டேப்போடு பிரிட்ஜுக்கு முன்னால் மண்டியிட்டார். “முதலாம் உலக யுத்தம் முடிஞ்சு, பத்தொன்பதாம் ஆண்டு பாரிஸிலயும் இப்பிடித்தான். வெண்ட நாட்டுத் தலைவர்மார் நிலத்தில மேப்பை விரிச்சு, முழங்காலில நிண்டு ஐரோப்பாவைப் பிரிச்சவை.”

மேல்தட்டு வெற்றிக்கு, கீழ்த்தட்டு நிரூஜனுக்கு. கறிவேப்பிலை இருவருக்கும் வேண்டும்; ஆக்லாந்தில் அது கிடைப்பதே பாடு. “அப்ப பாரிஸில தனியா விட்ட டான்சிக் துறைமுகம் மாதிரி இது சுதந்திர நகரம். ஒருத்தருக்கும் சொந்தமில்லை” என்று அதைக் கதவுத்தட்டில் வைத்தார்.

அடுத்த ஞாயிறு சுதந்திர நகரம் மொட்டையாகிக் காம்பு மட்டும் மிஞ்சியது.

“இவர்தான்!”

“இவருதான்!”

எமில் விசாரித்து, நிரூஜன் ஒரு மாதம் எல்லாருடைய பாத்திரத்தையும் கழுவ வேண்டும் என்று நட்டஈடு விதித்தார். தோற்றவன் தலையில் அளவுக்கு மீறி ஏற்றினால் அடுத்த யுத்தம் வரும் என்று இருபது வருடம் பாடம் நடத்திய மனிதர்தான். வந்தது. வெற்றி வேண்டுமென்றே ஏழு பாத்திரத்தில் ஒரு ரசம் வைத்தான்.

“சரி, நாப்பத்தைந்தாம் ஆண்டுக்கு வருவம்” என்றார் எமில். ஜெர்மனியைப் பிரித்ததுபோலச் சமையலறையையே பகுதி பகுதியாகப் பிரித்தார். அடுப்பு நிரூஜன் பக்கம் போனது, தண்ணீர்க்குழாய் வெற்றி பக்கம் வந்தது. ஒருவனிடம் நெருப்பு, ஒருவனிடம் தண்ணீர். இரண்டு நாள் வீட்டில் தேநீரே கிடையாது.

ஞாயிறு தோறும் மதியம் மாநாடு கூடியது. “வெறும் வயித்தோட சமாதானம் கதைக்கப்படாது” என்று எமிலே சட்டம் போட்டதால் மூவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் பேச்சு. ஒருநாள் வாதத்தின் நடுவே வெற்றி தன் பக்கத்தை மறந்து, கருவாட்டுக்காகப் பேசத் தொடங்கிவிட்டான். நிரூஜன் மேசைக்கடியில் காலால் உதைத்தான். எமில் விழுந்து விழுந்து சிரித்தார். அற்புதம் போனபின் அதுதான் முதல் சிரிப்பு. ஞாயிறு காலை முகச்சவரம்கூடச் செய்ய ஆரம்பித்தார்.

ஆனால் வாத்தியார் புத்தி எங்கே போகும்? பாரிஸில் நடந்த பிழை அவருக்குத் தெரியும்: தோற்றவர்களைப் பேச்சில் சேர்க்காமல் கையெழுத்துப் போட மட்டும் கூப்பிட்டார்கள். ஆகவே இருவரையும் தனித்தனியே கேட்டு, ஓட்டை எதுவுமில்லாமல் நாற்பத்தொரு பிரிவுகள் எழுதினார். தேய்க்கும் நார் முதல் தேங்காய்த் துருவல் வரை ஒன்றும் தப்பவில்லை.

படித்ததும் இருவர் முகமும் தொங்கிப்போயிற்று.

“இதுல... ஒரு குறையும் இல்லையேண்ணே” என்றான் வெற்றி.

“இருபது வருஷத்தில உடையிற ஒப்பந்தம் இல்லையடா இது. வையுங்கோ கையெழுத்தை.”

வைத்தார்கள். வீடு அமைதியானது.

மூன்று வாரம் ஒரு குரலும் எழவில்லை. ‘அண்ணை’ என்றோ ‘அண்ணே’ என்றோ கதவைத் தட்ட யாருக்கும் காரணமில்லை. நான்காம் ஞாயிறு, சவரம் செய்த முகத்தோடு கட்டிலில் ஒரு மணிவரை உட்கார்ந்திருந்தார் எமில். வெளியே ஆளரவமே இல்லை. என் கையாலேயே எனக்கு ஒருவரும் இல்லாமல் செய்துவிட்டேனே என்று நினைத்தார், கண் கலங்கிவிட்டது.

வாசல் மணி அடித்தது. வெற்றிக்கு நிச்சயம் செய்த பெண் சிந்து, நகர மையத்தில் வங்கி வேலை பார்ப்பவள், கையில் தூக்குப்பாத்திரத்தோடு நின்றாள்.

“அவங்க ரெண்டு பேரும் இல்லீங்களா?”

“ஒண்டாத்தான் எங்கயோ போட்டினம். உள்ள வாங்கோ பிள்ளை.” எமில் தொண்டையைச் செருமினார். “உங்கட ஆளுக்கும் நிரூஜனுக்கும் இனிச் சண்டையே வராது. நான் எல்லாத்தையும் தீர்த்து வைச்சிட்டன்.”

சிந்து பாத்திரத்தை மேசையில் வைத்துவிட்டு, நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

“அதாங்கண்ணா பிரச்சினையே! சாப்பிடக் கூப்பிட்டா வர மாட்டீங்க, சண்டைன்னாதான் கதவைத் திறக்குறீங்க. இப்ப நாப்பத்தோரு பிரிவு போட்டு எல்லா வழியையும் அடைச்சுட்டீங்க. மூணு வாரமா நாங்க மூணு பேரும் யோசிச்சும் ஒரு சண்டைகூட மாட்டல, நீங்களாவது ஒண்ணு சொல்லுங்களேன்!”