இரண்டு நாளில் நிதி கற்ற ஹுதைபா

கண்டியில் குரங்குகளுக்கு அடுத்தபடியாக வேகமாய்ப் பெருகிவருகிற இனம் எதுவென்று கேட்கிறீர்களா? இரண்டு நாளில் நிதி கற்ற முகாமையாளர். வாவிக்கரை ஹோட்டல் ஒன்றில், பகல் சாப்பாட்டோடு, ‘நிதி தெரியாத முகாமையாளர்களுக்கு நிதி’ என்று ஒரு செயலமர்வு நடக்கும். உள்ளே போகும்போது சாதாரண மனிதன். வெளியே வரும்போது கழுத்தில் அட்டை, கையில் சான்றிதழ், கண்ணில் ஒரு வெறி.

நம் ஹுதைபாவையே எடுத்துக்கொள்ளுங்கள். கட்டுகஸ்தோட்டையில் தளபாடக் கடை முகாமையாளர். கட்டில் காலைத் தட்டிப் பார்த்தே தேக்கா பலாவா என்று சொல்லிவிடுவார். ஆனால் மாதக் கூட்டத்தில் கணக்காளர் சஞ்சீவனி ஏதாவதொரு வீதத்தைச் சொன்னால், தலையை ஆட்டிவிட்டு, அது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று பக்கத்துக் கதிரைக்காரரின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். பாவம், அந்த மனிதர் பட்ட பயம் கொஞ்சமல்ல.

அந்தப் பயம் இரண்டே நாளில் பறந்தது. பிறகு அம்பிட்டிய வீட்டில் எதுவும் வெறும் பொருளாக இருக்கவில்லை. அலுமாரிக்குத் தேய்மானம். முருங்கை மரத்துக்கு முதலீட்டின் மீதான வருவாய். பூனைக்கு? பூனை தொடர் செலவு. எலி பிடித்ததற்கு ஆதாரமில்லை. மனைவி ரபீகா வட்டிலப்பம் செய்தால், ருசியைச் சொல்லாமல் ஒரு துண்டின் அடக்கவிலையைச் சொன்னார்.

“மொதல்ல தின்னுங்க,” என்றாள் அவள்.

பெரஹெரா ஊர்வலத் திருவிழா நெருங்கியது. அந்த நாட்களில் கண்டியில் மொட்டைமாடிக்குக்கூட வாடகை கிடைக்கும். ஹுதைபாவின் கண் மாமியாரின் முன்னறையில் விழுந்தது. அந்த வீடே மாமியாருடையதுதான்; வழக்கப்படி கலியாணம் முடித்த கையோடு மாப்பிள்ளையாக வந்து குடியேறியவர் இவர். செயலமர்வில் அந்த வழக்கத்தைப் பற்றி யாரும் பாடம் நடத்தவில்லையே, அவர் என்ன செய்வார்?

“மாமி, ஒங்கட அறை சும்மா கெடக்கிற சொத்து,” என்றார், இரவுச் சாப்பாட்டின்போது.

“நான் அதுலதானே மகன் படுக்கிற.”

“அதுதான் மாமி பிரச்சின. நீங்க படுக்கிறதால வருமானம் ஒண்டும் இல்ல. பெரஹெரா முடியிற வரைக்கும் ஸ்டோர் ரூமுக்கு மாறினா, வெள்ளக்காரங்களுக்குக் குடுக்கேலும். இதுக்குப் பேரு வாய்ப்புச் செலவு.”

சோற்றில் ரபீகாவின் கை நின்றது. வாப்பா கடைசி மூச்சு விட்டு மௌத்தானது அந்த அறையில். அதன்பிறகு உம்மா வேறெங்கும் படுத்ததில்லை. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மாமியார் அழவில்லை. சோற்றில் ஆணத்தை ஊற்றிக்கொண்டே கேட்டார்.

“என்ட அறைக்கி எவ்வளவு வரும்?”

ஹுதைபா சொன்னார்.

“ஒங்கட அறைக்கி? பால்கனி ஈக்கிது. குளிக்கிற அறை உள்ளுக்கே ஈக்கிது. எழும்பினா மலை தெரியுது.”

ஹுதைபா கைபேசியைத் தட்டினார். மறுபடி தட்டினார். இரண்டு மடங்கு வந்தது. வேறு மனிதனாக இருந்தால் கைபேசியில் சார்ஜ் இல்லை என்று தப்பியிருப்பான். நிதி கற்றவனால் முடியுமா? கணக்கு அத்தனை அழகாகப் பொருந்தியது. அவர் முகம் மலர்ந்துபோனது.

“மெய்தான் மாமி. எங்கட அறையக் குடுக்கிறதுதான் சரியான முடிவு,” என்று மனதாரப் பாராட்டினார்.

பாராட்டி முடித்த பிறகுதான், தான் எங்கே படுப்பது என்ற கேள்வி அவருக்கு வந்தது.

பெரஹெரா முழுக்க ஒரு ஜெர்மன் தம்பதி அவருடைய பால்கனியில் தேநீர் குடித்தது. ரபீகா உம்மாவோடு முன்னறையில் நிம்மதியாகப் படுத்தாள். ஹுதைபா ஸ்டோர் ரூமில், வெங்காய மூட்டைக்கும் தேங்காய்க் குவியலுக்கும் நடுவில். வாடகை மாமியாரின் கைக்குப் போனது. விருந்தினர் கிளம்பிய அன்று ஹுதைபா தலையணையைத் தூக்கிக்கொண்டு மாடியேறினார்.

“கொஞ்சம் நில்லுங்க மகன்,” என்றார் மாமியார். “அறை நல்லா ஒழைக்கிது. டிசம்பர் வரைக்கும் ஆள் கேட்டீக்கிறாங்க.”

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் போன வாரம் வீட்டுக்கு கிரைண்டர் வாங்கப் போனபோது, போட்ட காசு எத்தனை வருடத்தில் திரும்பிவரும் என்று கடைக்காரரிடம் கேட்டது யார்? வீட்டு உறுதிப் பத்திரம் யார் பேரில் இருக்கிறதென்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அப்படியே அந்த வெங்காய மூட்டையையும் கொஞ்சம் ஓரமாகத் தள்ளிவையுங்கள்.