சட்டையில் தெரிந்த மாமா

எனக்கு ஒரு வியாதி உண்டு. யாரும் கேட்காமலேயே விளக்குவது. குக்கர் விசில் அடித்தால் நீராவியின் அழுத்தம். பல்லடம் பஸ் சடாரென்று பிரேக் போட்டால் நிலைமம். மேம்பாலத்தில் வண்டி டொக்கென்று குதித்தால், வெயிலில் விரியும் கான்கிரீட்டுக்கு ஏன் இடைவெளி விட வேண்டும் என்பது. பனியன் இழுத்தால் நீள்கிறது, வேட்டி ஏன் நீள்வதில்லை என்று ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரருக்கு விளக்க, அவர் ரசத்துக்கு முன்பே எழுந்து போய்விட்டார். (பாவம், பாயசம் வேறு பாக்கி இருந்தது.)

இயற்பியல் படித்துவிட்டு ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். அந்த நாற்பது பிள்ளைகளுக்கு ஓடிப்போக வழியில்லாததால் நான் என்னை நல்ல ஆசிரியை என்று நம்பியிருந்தேன்.

ஆகவே, என்னைப் பெண் பார்க்க வந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டாள். "இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் எதையும் விளக்காத கண்ணு. அவிய போனதுக்கப்புறம் எனக்கு எத்தன வேணும்னாலும் விளக்கு. நான் உக்காந்து கேட்டுக்கறேன்."

சரி என்று தலையாட்டிவிட்டு மைசூர்பாகு கிளறப் போனேன். பொண்ணே செய்த பலகாரம் என்று சொல்லிக்கொள்ள அம்மாவுக்கு ஆசை. பாகு கொதிக்கும்போது அதில் சர்க்கரை எப்படிப் படிகமாகிறது என்று சித்திக்குச் சொல்ல ஆரம்பித்தேன். சொல்லி முடிப்பதற்குள் பாகு பதம் தாண்டிவிட்டது. தட்டில் கொட்டியது கத்திக்கு அசையவில்லை. அம்மா அதையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள், பிறகு தன் அண்ணன் சண்முகம் மாமாவைப் பேக்கரிக்கு விரட்டினாள்.

மாமா திரும்புவதற்குள் அவர்கள் வந்துவிட்டார்கள். சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னால். மாப்பிள்ளை பிரபு, அவருடைய அப்பா, அம்மா, அக்கா. பிரபுவின் அப்பா பல்லடம் பக்கம் கோழிப் பண்ணை வைத்திருப்பவர். மொடமொடவென்று கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. பேசுவதை விடப் பார்ப்பது அதிகம். எனக்கு அவரைப் பார்த்தாலே தேர்வறை ஞாபகம் வந்தது.

பலகாரம் இல்லாமல் எப்படிப் பொழுதைப் போக்குவது? வீட்டை ஒட்டி, அதே வாசலைப் பார்த்து இருக்கும் எங்கள் சின்ன பனியன் கம்பெனியைச் சுற்றிக் காட்டலாம் என்று அம்மாவே யோசனை சொன்னாள். போகிற வழியெல்லாம் மாப்பிள்ளையின் அம்மாவிடம், "மைசூர்பாகு எங்க பாப்பாவே கிளறுனதுங்க. பதம் பாத்து எறக்கறதுக்கு இவள உட்டா ஆளில்லீங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

கடைசியாகத் துணி வைக்கும் குடோன். ஜன்னல் கிடையாது. தூசி விழாமல் இருக்க அப்பா தகரக் கதவை எப்போதும் சாத்தியே வைப்பார். எல்லோரும் உள்ளே வந்ததும் பழக்கத்தில் சாத்தினார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

கும்மிருட்டு. ஜெனரேட்டரைப் போடுகிறேன் என்று அப்பா கதவைத் தேடினார். "ஒரு நிமிசம் இருங்கப்பா" என்றேன். (அம்மா இருட்டில் என் இடுப்பைக் கிள்ளினாள். இன்றும் அந்த இடம் சரியாகச் சொல்வேன்.)

கதவில் நெஞ்சு உயரத்தில் ஒரு போல்ட் கழன்று விழுந்த ஓட்டை இருந்தது. எதிரே, துணி ரோல்களை மூடிச் சுவர் முழுக்க வெள்ளைத் துணி தொங்கியது. சிறுமியாக இருந்தபோது நான் தனியாக வந்து பார்த்துக்கொண்டிருந்த விஷயம் அது. கண் இருட்டுக்குப் பழகட்டும் என்று சொல்லிக் காத்திருந்தேன்.

முதலில் துணியில் ஒரு சாம்பல் நிறம் பரவியது. பிறகு அதன் அடியில் நீலம். பிறகு பச்சை. மெல்ல மெல்ல எங்கள் வாசலே உள்ளே வந்தது. வேப்பமரம் தலைகீழாகத் தொங்கி, ஒவ்வொரு கிளையும் காற்றில் ஆடியது. வானம் தரையில் குளம் மாதிரி தேங்கிக் கிடக்க, அந்தக் குளத்துக்குள் ஒரு காக்கை நீந்திப் போனது. கொடியில் காய்ந்த சிவப்புத் துண்டு மேல்நோக்கி அசைந்தது. வெளியே தெருவில் பஸ் ஹாரன் கேட்டது.

"புரொஜெக்டருங்களா?" என்று பிரபு கிசுகிசுப்பாகக் கேட்டார்.

"இல்லீங்க. வெறும் ஓட்டைதானுங்க."

மரத்தின் உச்சியிலிருந்து வரும் வெளிச்சம் நேர்கோட்டில் ஓட்டைக்குள் நுழைந்து கீழே இறங்குகிறது, அடிமரத்திலிருந்து வருவது மேலே ஏறுகிறது, அதனால்தான் தலைகீழ் என்றேன். நம் கண்ணுக்குள்ளும் உலகம் இப்படித் தலைகீழாகத்தான் விழுகிறது, மூளைதான் நிமிர்த்திக்கொள்கிறது என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவரும் எழுந்து போகவில்லை. பிரபுவின் அக்கா "அய்யோ சாமி" என்று முணுமுணுத்தார். எத்தனையோ தடவை பார்த்திருந்தும் எனக்கே மயிர்க்கூச்செறிந்தது.

பிரபுவின் அப்பா மெதுவாக நடந்து துணியருகே போனார். மரத்தைத் தொடப் போகிறவர் போலக் கையை நீட்டினார். கை முழுக்க இலை அசைந்தது. சட்டென்று எங்கள் பக்கம் திரும்பினார். அவருடைய கஞ்சிச் சட்டை மேலேயே எங்கள் வாசல் விழுந்தது. அவர் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தார்.

"எனக்கு நேராத்தான தெரியுது?" என்றார்.

நான் திகைத்துப் போனேன். இது நான் யோசித்தே பார்க்காத விஷயம். நெஞ்சில் தலைகீழாக விழுவதைக் குனிந்து பார்க்கிறவருக்கு அது நிமிர்ந்துதானே தெரியும்! அந்த இருட்டில் உலகத்தை நேராகப் பார்த்த ஒரே மனிதர் அவர்தான். அந்தப் பரவசத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். "அப்படியே அசையாம நில்லுங்க, எல்லாரும் பாக்கட்டும்" என்றேன்.

அவர் நின்றார். அப்போதுதான் சண்முகம் மாமா அவருடைய சட்டைக்குள் வண்டியோட்டிக்கொண்டு வந்தார்.

எங்களுக்கு அவர் தலைகீழாக வந்தார். ரோஸ் கலர் சட்டை. வண்டியைக் கேட் அருகே நல்ல வெயிலில் நிறுத்தினார். சிவப்புப் பெட்டி ஒன்றைச் சீட்டில் வைத்துத் திறந்து, வீட்டிலிருந்து கொண்டுபோன எவர்சில்வர் சம்படத்தில் மஞ்சள் துண்டுகளை ஒவ்வொன்றாக அடுக்க ஆரம்பித்தார். நடுவில் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார்.

"ஆரோ பெட்டியிலிருந்து சம்படத்துக்கு மாத்தறாருங்க" என்று பிரபுவின் அப்பா தன் நெஞ்சைப் பார்த்துக்கொண்டே நிதானமாக அறிவித்தார். "ஒண்ணு கீழ உழுந்துருச்சு." சிறிது இடைவெளி. "எடுத்து ஊதறாரு." இன்னும் சிறிது இடைவெளி. "உள்ளயே வெச்சுட்டாரு."

பிரபுவின் அம்மா, அது உங்கள் வீட்டு ஆளா என்று அடங்கிய குரலில் விசாரித்தார்.

"தலகீழா இருக்கறதுல அடையாளமே தெரியலீங்க" என்றாள் அம்மா, கூடப் பிறந்த அண்ணனை ஒரே வாக்கியத்தில் கைகழுவி.

அப்பா பாய்ந்து போய்க் கதவைத் திறந்தார். வெயில் உள்ளே கொட்டியது. துணி வெறும் வெள்ளைத் துணியாகிவிட்டது. வெளியே, தலை மேலும் கால் கீழுமாக, மாமா சம்படத்தை மூடிக்கொண்டிருந்தார். எல்லோரையும் பார்த்துச் சிரித்து, "வாங்க வாங்க, எப்ப வந்தீங்க?" என்றார். மீசையில் மைசூர்பாகு.

கூடத்தில் தட்டுகள் வந்தன. ஆளுக்கு இரண்டு துண்டு. அதில் எது ஊதிய துண்டு என்று தெரியாமல் அத்தனை பேரும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சம்பந்தம் போயே போய்விட்டது என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. பல்லடம் முழுக்க நாளைக்கு இதுதான் பேச்சு, பிறகு பள்ளிக்கூடத்தில், பிறகு ஒன்பதாம் வகுப்பில் என்று மனசு ஓடியது.

பிரபுவின் அப்பா ஒரு துண்டை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். ஊதினார். வாயில் போட்டுக்கொண்டார். "பதம் நல்லாருக்குதுங்க" என்று அம்மாவிடம் சொன்னார். முதலில் சிரித்தது அம்மாதான், அதுவும் அழுகையோடு சேர்ந்த சிரிப்பு. பிறகு யாராலும் அடக்க முடியவில்லை.

பொண்ணிடம் ஏதாவது பேச வேண்டுமா என்று பிரபுவைக் கேட்டார்கள். என்னிடம் சமைக்கத் தெரியுமா என்று அவர் கேட்கவில்லை. (அது ஊருக்கே தெரிந்துவிட்டது.) "கரண்ட் வர்றதுக்குள்ள அந்த ஓட்டைய இன்னொருக்கா பாக்கலாங்களா?" என்றார். மறுபடி போனோம், இந்தத் தடவை அவருடைய அக்கா துணையோடு. பிரபு தன் சட்டையில் வேப்பமரத்தை வாங்கிக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் நின்றார். வழக்கமாகப் பெண்தான் அப்படி நிற்பாள் என்று அவருடைய அக்கா சொல்லிச் சிரித்தார்.

கல்யாணம் நடந்தது. மாமா அந்த ரோஸ் சட்டையை அதற்கப்புறம் போட்டு யாரும் பார்க்கவில்லை. ஆனால் எங்கள் குடும்பத்தில் ஒரு பழக்கம் தங்கிவிட்டது. எந்த விருந்தில், எந்த வீட்டில், யார் பலகாரத் தட்டை நீட்டி, "ஊட்லயே செஞ்சதுங்க" என்று சொன்னாலும், என் மாமனார் ஒரு வார்த்தை பேசாமல் குனிந்து தன் சட்டையைப் பார்ப்பார். உடனே மாமியார் பார்ப்பார், பிரபு பார்ப்பார், நானும் பார்ப்பேன். கொடுத்தவர்கள் பதறிப்போய், எதுவும் கொட்டிவிட்டதா என்று துடைக்கத் துணியை எடுத்துக்கொண்டு ஓடி வருவார்கள். போன மாதம் அவினாசியில் ஒரு சீமந்தத்தில் எங்கள் நாலு வயது மகளும் லட்டை வாங்கிக்கொண்டு, பெரிய மனுஷி மாதிரி, தன் கவுனைக் குனிந்து பார்த்தாள்.