கொத்தமல்லிக் கட்டுக்கதை

கிருஷ்ணகிரியில் என் மச்சான் மன்சூர் வீட்டு விருந்தில், பதினான்கு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நான் வாயைத் திறந்தேன். திறந்திருக்கக் கூடாது. பிரியாணியிலிருந்து ஓர் இலையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, "கொத்தமல்லி கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்றேன்.

"மச்சான், அது புதினா" என்றான் மன்சூர்.

பதினான்கு பேரும் சிரித்தார்கள். பதினான்கில் என் மனைவி ஃபகருன்னிசாவும் அடக்கம். சிரிப்பைக் கடைசியாக நிறுத்தியதும் அவள்தான்.

என் பெயர் நசீருதீன். வயது நாற்பத்தாறு. ஓசூர் சிப்காட்டில் கியர் செய்கிற கம்பெனி ஒன்றில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் பிடித்துத் தள்ளிவிடுவேன். என் கையெழுத்து இல்லாமல் ஒரு பல்சக்கரம் கேட்டைத் தாண்டாது. அப்பேர்ப்பட்டவனை ஓர் இலை கவிழ்த்துவிட்டது. ரோஷத்தில் எழுந்து நின்றேன். கையில் எலும்பு இருந்தது. கீழே வைக்கத் தோன்றவில்லை.

"ரெண்டே மாசம். எல்லாரும் எங்க வீட்டுக்கு வர்றீங்க. மல்லி, புதினா, கறிவேப்பிலை, எல்லாம் என் கையால வளர்த்தது. அதுலதான் பிரியாணி!"

"வளர்க்கறது சரி மச்சான். எது எதுன்னு பார்த்துப் பறிக்கறது யாரு?"

மறுபடியும் பதினான்கு பேர்.

மறுநாளே தொட்டி, மண், எரு, விதை பாக்கெட், கறிவேப்பிலைக் கன்று எல்லாம் வந்து இறங்கின. எங்கள் வாடகை வீடு இரண்டாவது மாடி. பால்கனி என்று ஒன்று உண்டு. ஒரு நாற்காலி போட்டால் ஆள் வெளியே நிற்க வேண்டும். எதிரே பக்கத்துக் கட்டடத்தின் சுவர். சூரியன் எங்கள் பால்கனியைக் கேள்விப்பட்டதே இல்லை.

செல்போனில் வீடியோ பார்த்து மண்ணைக் கிளறினேன். ஃபகருன்னிசா கையில் கரண்டியோடு வந்து நின்றாள்.

"தனியா போட்டீங்களா?"

"தனியாத்தான் போட்டேன். நீ எங்க உதவிக்கு வந்த?"

"அய்யோ, விதையைக் கேட்டேங்க. முழுசாவா போட்டீங்க, ஒடைச்சா போட்டீங்க?"

"ரெண்டா ஒடைச்சு, ஒரு நாள் ஊறவெச்சு, அரை அங்குல ஆழத்துல போட்டிருக்கேன். வெர்னியர் வெச்சு அளந்து."

"கொத்தமல்லிக்கு வெர்னியரா?"

"அளவு தப்பினா ரிஜெக்ட் ஆயிடும்."

"புதினாவுக்கு?"

"அதுக்கு விதை வேணாம். கடையில வாங்கின தண்டைக் குத்தினாலே போதுமாம்."

"வெயில் வேணுமே?"

"நீ அடுப்பைப் பாரு."

போய்விட்டாள். அவ்வளவு சுலபமாகப் போகிறவள் இல்லை. நான் கவனித்திருக்க வேண்டும்.

கம்பெனியில் ஆயிரத்துக்கு ஐந்து சாம்பிள் எடுப்போம். தொட்டியிலும் அதே முறைதான். தினமும் காலையில் ஐந்து விதையைத் தோண்டி எடுத்து, துடைத்து, வெளிச்சத்தில் பார்த்து, திரும்பப் புதைத்தேன்.

"எடுத்து எடுத்துப் பார்த்தா எப்படிங்க முளைக்கும்?"

"பார்க்காம விட்டா மட்டும் எப்படி முளைக்கும்?"

பத்தாம் நாள் தொட்டியில் பச்சையாக ஏதோ தெரிந்தது. ஓடிப்போய்க் குனிந்தேன். பாசி. புதினாத் தண்டுகள் கறுத்து, தலை சாய்ந்து, துக்க வீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள்போல் இருந்தன. கறிவேப்பிலைக் கன்றில் வரும்போது பதினோரு இலை. நாளுக்கொன்றாக உதிர்த்தது. பதினோராம் நாள் வெறும் குச்சியாகிப் பணி ஓய்வு பெற்றது. அன்று சாயங்காலம் மிச்ச விதையையும் குச்சியையும் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, கூடைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். என்னையும் அதிலேயே போட்டிருக்கலாம்.

போன் அடித்தது. மன்சூர்.

"மச்சான், மல்லி என்ன சொல்லுது?"

"தலை காட்டிடுச்சு" என்றேன்.

ஏன் சொன்னேன்? தெரியாது. இந்த வாயை எந்தக் கம்பெனியும் பாஸ் பண்ணாது.

வீட்டிலிருந்து ஒரு மைல் தள்ளி, பெரிய ரோட்டு முனையில் நஞ்சம்மா தள்ளுவண்டி போடுகிறாள். பக்கத்துத் தளி ஊர்க்காரி. விடியும்போதே முதல் பஸ்ஸில் மூட்டையோடு வந்துவிடுவாள். கன்னடக்காரர்கள் வந்தால் "கொத்தம்பரி சொப்பு" என்பாள், நம்மவர்கள் வந்தால் கொத்தமல்லி. மறுநாள் காலை அவள் வண்டியைப் பார்த்து அப்படியே நின்றேன். கட்டுக்கட்டாகக் கொத்தமல்லி. வேரோடு. வேரில் மண்ணோடு.

வேர் இருந்தால் செடி. செடி இருந்தால் மானம்.

ஒரு கட்டு வாங்கிச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு படியேறி, வீடு எழுவதற்குள் நட்டுவிட்டேன்.

"என்னங்க!" என்று பால்கனியிலிருந்து அலறினாள் ஃபகருன்னிசா. "நேத்து வரைக்கும் ஒண்ணுமில்ல. இன்னைக்கு ஒரு ஜாண் நிக்குது!"

"ஓசூர் குளிருக்கு மல்லி அப்படித்தான் வளரும்."

தொட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மொத்தத்தையும் வேரோடு பிடுங்கி ரசத்துக்குக் கொண்டுபோனாள்.

"அடியே, மேலாகக் கிள்ளு! வேரை விட்டாத்தானே திரும்ப வரும்!"

"நாளைக்கு வந்துடும் விடுங்க. நல்ல மண்ணு."

மறுநாள் வந்தது. நான்தான் கொண்டுவந்தேன். அதற்கு மறுநாளும். குரங்குக் குல்லா, ஸ்வெட்டர், பனி, நாய்கள், நான். கறிவேப்பிலைக் கொத்துகளைக்கூட ஒரு குச்சியில் நூலால் கட்டி நிறுத்தினேன். எதிர்வீட்டு முனிலட்சுமியும் கிண்ணத்தோடு வர ஆரம்பித்தாள்.

"அண்ணா, உங்க பால்கனி மல்லி ஒரு பிடி. அக்கா எடுத்துக்கச் சொல்லுச்சு."

இரண்டு கட்டானது. ஃபகருன்னிசா துவையலுக்குப் புதினா அதிகம் கேட்டாள், முளைத்தது. வெங்காயத்தாள் கிடைத்தால் தேவலை என்றாள், முளைத்தது. ஒரு நாள் முள்ளங்கி கேட்டாள். முடியவே முடியாது, என் தொட்டி அவ்வளவு ஆழமில்லை என்று சொல்லிவிட்டேன். அடுத்த நாள் முளைத்தது.

நஞ்சம்மாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"ஏன் சாரே, தினமும் வேரோடதான் வேணுங்கறீங்க? மருந்துக்கா?"

"ஆமாம்மா."

"என்ன வியாதி?"

"மச்சான்."

விருந்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அவள் வண்டியில் வேறு மாதிரி கொத்தமல்லி வந்தது. குட்டையாக, அடர்த்தியாக, கட்டைத் தூக்கினால் தெருவே மணந்தது.

"இது தளிச் சரக்கு இல்ல சாரே. இங்கயே ஒரு அம்மா வீட்டு மாடில வளக்குது. மல்லி, புதினா எனக்குக் குடுத்துட்டு, பதிலுக்குத் தக்காளி, வெண்டைக்காய் எடுத்துக்கும்."

"யாரோ கெட்டிக்காரப் பொம்பளை" என்றேன் பெருமூச்சோடு. "அவங்க வீட்டுக்காரர் குடுத்துவெச்சவரு."

நஞ்சம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். இருமல் என்று நினைத்தேன்.

விருந்து நாள் வந்தது. மன்சூரும் அவன் மனைவி ஜைபாவும் மற்றவர்களும் வேனில் வந்து இறங்கினார்கள். பிரியாணி வாசனை படிக்கட்டிலேயே அவர்களைப் பிடித்துக்கொண்டது. எல்லாரும் தட்டை வழித்தார்கள். மன்சூர் விரலைக்கூட விடாமல் நக்கினான்.

"மச்சான், தோத்துட்டேன்" என்றான்.

என் வாழ்க்கையில் நான் ஜெயித்த நேரம் மொத்தம் ஏழு நிமிடம். அந்த ஏழு நிமிடமும் சொற்பொழிவு ஆற்றினேன். விதையை உடைப்பது, ஊறவைப்பது, தண்ணீரை ஊற்றாமல் தெளிப்பது, எல்லாவற்றையும் விளக்கினேன். செடிகள் என் குரலுக்குக் கட்டுப்படும் என்றுகூடச் சொன்னதாக ஞாபகம்.

"ஒரே ஒரு செடி குடுங்க மச்சான், ஊருக்குக் கொண்டுபோறேன்" என்று மன்சூர் பால்கனிக்குப் போய், ஒரு தண்டைப் பிடித்து மெல்ல இழுத்தான்.

ஒரு தண்டு வரவில்லை. மொத்தக் கொத்தும் வந்தது. நடுவில் வாழைநார். அன்றைய அவசரத்தில் அவிழ்க்க மறந்திருக்கிறேன்.

"மச்சான்" என்றான் மிகுந்த மரியாதையோடு. "உங்க ஊர்ல மல்லி கட்டாவே முளைக்குதா?"

பதினான்கு பேர் சிரித்தார்கள். பால்கனி கொள்ளாமல் சிரித்தார்கள். நான் எதிர்ச்சுவரைப் பார்த்தபடி நின்றேன். அதிலாவது ஒரு கதவு இருந்திருக்கலாம்.

"அது சும்மா அலங்காரத்துக்குத் தம்பி" என்றாள் ஃபகருன்னிசா நிதானமாக. "தோட்டம் மேல இருக்கு. வாங்க."

மேலேயா? மொட்டை மாடிக்கு நான் போய் வருடக்கணக்காகிறது. துணி காயப்போடுவது அவள் இலாகா. எல்லாருக்கும் பின்னால் படியேறினேன்.

பெயின்ட் பக்கெட், அரிசிச் சாக்கு, உடைந்த குடம். எல்லாவற்றிலும் பச்சை. ஒரு வரிசையில் இப்போதுதான் முளைத்த மல்லி, அடுத்ததில் விரல் உயரம், அதற்கடுத்ததில் பறிக்கிற பதம். வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாக விதைத்திருக்கிறாள். புதினா சாக்கை விட்டு வெளியே வழிந்தது. நான் ஓய்வு கொடுத்த கறிவேப்பிலைக் குச்சி துளிர்விட்டு நின்றது. முனிலட்சுமி சொம்பால் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

ஃபகருன்னிசாவை ஓரமாக இழுத்தேன்.

"இதெல்லாம் எப்போ?"

"நீங்க குப்பையில போட்ட அன்னைக்கே எடுத்துட்டேன். புதினா, நீங்க தினமும் நட்டதுதான். இலையைக் கிள்ளிக்கிட்டுக் குச்சியை இங்க ஊனினேன்."

"அப்போ நான் கடையில வாங்கறது உனக்குத் தெரியுமா?"

"முதல் நாளே."

"எப்படி?"

"நாலு தண்டைத் தலைகீழா நட்டிருந்தீங்க. வேரு மேல ஆடிக்கிட்டு நின்னுது."

"நஞ்சம்மாகிட்ட கொஞ்ச நாளா நல்ல மல்லி வந்துச்சே..."

"நம்ம மல்லிதாங்க. நான் பறிச்சு அனுப்புவேன். நீங்க போய் வாங்கிட்டு வந்து நடுவீங்க. நான் பிடுங்கிச் சமைப்பேன். ரெண்டு கட்டு மல்லி, ஒரு கட்டு புதினா, அதோட ஒரு கட்டுக்கதை."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடி!"

"சொன்னா நடக்கறதை நிறுத்திடுவீங்களே. சுகருக்கு நடங்க நடங்கன்னு டாக்டர் மூணு வருஷமாச் சொல்றாரு. ஒரு நாள் எந்திரிச்சீங்களா? இப்ப பாருங்க, ரிப்போர்ட்டு நார்மல்."

ரிப்போர்ட் என் கண்ணெதிரே வந்ததுதான். நார்மல்தான்.

ஜைபா பக்கெட்டுக்குப் பக்கெட் குனிந்து பார்த்தாள். "அண்ணி, எங்களுக்கும் சொல்லிக்குடுங்க" என்றாள். கட்டடத்துப் பெண்களும் கேட்டார்கள். இப்போது ஞாயிறுதோறும் மொட்டை மாடியில் வகுப்பு நடக்கிறது. புதிதாகச் செடி வளர்ப்பவர்களுக்கு. ஜைபா கிருஷ்ணகிரியிலிருந்து பஸ் ஏறி வருகிறாள். படிப்பவர்கள் மொத்தம் பத்துப் பெண்கள். பதினோராவதாக என் பெயரை ஃபகருன்னிசா என்னைக் கேட்காமலே எழுதிவிட்டாள்.

போன ஞாயிறு முதல் பாடத்துக்குப் பரீட்சை வைத்தாள்: எது மல்லி, எது புதினா. பத்துப் பேரும் பாஸ்.

என்னை மட்டும், ஊத்தங்கரையில் இருக்கும் என் அம்மாவை அழைத்துக்கொண்டு வந்தால்தான் வகுப்பில் உட்காரலாம் என்று சொல்லிவிட்டாள்.